பத்திரம் பதிவானால் வீடு நம்முடையதாகிவிடுமா? வேலூரில் வீடு வாங்குமுன் புரிந்துகொள்ள வேண்டிய சட்ட விஷயங்கள்

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றான 55-ஏ(1)ஐ, அதாவது விற்பவர் கைக்குச் சொத்து வந்த மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டினால்தான் பதிய முடியும் என்ற விதியை, உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு தகவல்கள் சுற்றின. "இனி மூலப்பத்திரம் காட்டாமலே பதியலாம்" என்றது ஒன்று. "பத்திரம் பதிந்தாலும் நீங்கள் உரிமையாளர் இல்லை" என்றது இன்னொன்று. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சொத்து யாருடையது என்று முடிவு செய்வது சார்பதிவாளரின் வேலையே அல்ல. அந்தத் தீர்ப்பு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது.

எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வீட்டுக்கு நான்கு இடங்களில் நான்கு விதமான பதிவுகள் இருக்கின்றன. ஒன்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரி என்று ஆகிவிடாது.

1. பதிவுத்துறை ஆவணத்தைப் பார்க்கிறது. எழுதிக் கொடுப்பவர் நேரில் வந்தாரா, அடையாளம் சரியா, முத்திரைத்தாள் போதுமா என்பவை அதன் கேள்விகள். இல்லாத உரிமையை ஒருவர் விற்றால், அந்தப் பத்திரமும் பதிவாகலாம். ஆனால் அதில் வாங்கியவருக்கு எதுவும் வந்து சேராது.

2. வருவாய்த்துறை நிலத்தைப் பார்க்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டுவது), புல வரைபடம் ஆகியவை தாலுகா அலுவலகத்தின் பதிவுகள். நில வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக உருவான ஏற்பாடு இது. பட்டா வலுவான ஆதாரம்தான்; ஆனால் பட்டா மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

3. நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளாட்சியும் மனைப்பிரிவையும் கட்டடத்தையும் பார்க்கின்றன. நிலம் யாருடையது என்பது அவற்றின் கவலை இல்லை.

4. உரிமையில் தகராறு வந்தால் இறுதி வார்த்தை உரிமையியல் நீதிமன்றத்துடையது.

போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஆக, போலிப் பத்திரம் ஒன்று உங்கள் சொத்தின் மேல் விழுந்துவிட்டால், வழி மீண்டும் நீதிமன்றம்தான். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வருடக்கணக்கில் நடக்க யாருக்கும் ஆசை இருக்காது.

சரி, அப்படியென்றால் மூலப்பத்திரம் வேண்டாமா? சார்பதிவாளர் கேட்பதும் கேட்காததும் வேறு விஷயம். ரத்தான விதியின் தேவையைச் சட்டத் திருத்தமாகவே கொண்டுவர அதே ஆண்டில் சட்டமன்றம் ஒரு மசோதாவையும் நிறைவேற்றியது. அது எப்படிப் போனாலும், நீங்கள் கேட்டே ஆகவேண்டும். ஜெராக்ஸைக் காட்டி "ஒரிஜினல் ஊரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறது" என்று சொல்பவரின் பத்திரம், பல நேரங்களில் யாரிடமாவது கடனுக்காக இருக்கும்.

வில்லங்கச் சான்று: எது தெரியும், எது தெரியாது

ஈ.சி. என்று எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்றை, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் எடுக்கலாம். பெரும்பாலான அலுவலகங்களில் 1975 முதலான பதிவுகள் கணினியில் இருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்து, அட்டவணைகளைத் தேடச் சொல்லி வாங்க வேண்டும்.

30 ஆண்டு ஈ.சி. பார்ப்பது வழக்கம். அது சும்மா வந்த எண் அல்ல. அடமானத்தை மீட்க வழக்குப் போடும் காலவரம்பு 30 ஆண்டு. அரசு வழக்குப் போடுவதற்கான வரம்பும் 30 ஆண்டு. ஆனால் 28 ஆண்டுக்கு முன் ஒரு பாகப்பிரிவினை நடந்திருந்தால், பிரித்துக்கொண்டவர்களுக்கு அது எப்படி வந்தது என்று அதற்கும் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். ஆண்டு எண்ணிக்கையைவிட, சொத்து முதலில் உறுதியாக ஒருவர் கைக்கு வந்த தாய்ப்பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்பது முக்கியம்.

"நில் (Nil) வில்லங்கம்", அதாவது வில்லங்கம் எதுவும் இல்லை, என்று வந்துவிட்டால் சொத்து சுத்தம் என்று நினைப்பவர்கள் அதிகம். பதிவான ஆவணங்கள் மட்டுமே ஈ.சி.யில் வரும். வராதவை இவை:

1. பதிவு செய்யாத உயில். உயிலைப் பதிவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட்ட உயிலும் செல்லும்.

2. வாய்மொழி ஹிபா. இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் தன் சொத்தை வாயால் தானமாகக் கொடுத்து, பெற்றவர் ஏற்று, அனுபோகமும் மாறிவிட்டால் அது செல்லுபடியாகும்; பதிவு தேவையில்லை. வேலூர் நகரிலும் பேரணாம்பட்டிலும் பழைய குடும்ப வீடுகள் கைமாறும்போது இதைக் கேட்காமல் விடக்கூடாது. குடும்பத்துப் பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளும் பத்திரத்தில் கையெழுத்திட்டால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

3. நடந்துகொண்டிருக்கும் வழக்கு. வழக்கில் இருக்கும் சொத்தை வாங்கினால், தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். நீதிமன்றத் தடை உத்தரவு சில நேரம் ஈ.சி.யில் ஏறியிருக்கும், பல நேரம் இருக்காது. விற்பவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

4. இன்று எழுதி, பிறகு பதியப்படும் பத்திரம். இதைப் பலர் அறிவதில்லை. எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவரலாம். பதிவானதும் அது கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும். விற்பவர் போன மாதம் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்து இன்னும் பதியாமல் இருந்தால், இன்றைய ஈ.சி. சுத்தமாகத்தான் தெரியும்; நாளை பதிவாகி அவர் முந்திக்கொள்வார்.

5. வீட்டில் குடியிருப்பவரின் உரிமை. வாடகைக்கு இருக்கிறாரா, அண்ணன் பங்கு என்று உட்கார்ந்திருக்கிறாரா, ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்து இருக்கிறாரா என்பது காகிதத்தில் தெரியாது. கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்ற விஷயத்தை, தெரியாது என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

வட ஆற்காட்டுப் பத்திரங்களில் பெயர் மாறும் சிக்கல்

இந்தப் பகுதியில் பழைய பத்திரம் படிப்பவர்கள் ஒரு விஷயத்தில் தடுமாறுவார்கள். ஒரே வீட்டின் பத்திரச் சங்கிலியில் மாவட்டத்தின் பெயர் மூன்று நான்கு விதமாக வரும். வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர் தலைநகரம், பிறகு வேலூர். 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனியே போக, மீதி "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" ஆனது. அப்புறம் "வேலூர் மாவட்டம்" ஆனது. 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது.

பெயர் மாறுவதால் உரிமை மாறாது. ஆனால் தேடும் இடம் மாறும். கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். இன்றைய அலுவலகத்தில் மட்டும் ஈ.சி. எடுத்தால், அந்தக் கிராமம் பழைய அலுவலகத்தில் இருந்த காலத்துப் பதிவுகள் விடுபடலாம். எந்தத் தேதியில் எல்லை மாறியது என்று அலுவலகத்திலேயே கேட்டு, இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும்.

சர்வே எண்ணிலும் இதே கதைதான். வேலூர் 2008இல் மாநகராட்சி ஆனது. சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற தனி உள்ளாட்சிகள் பிறகு அதில் சேர்ந்தன. நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய கிராம சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர சர்வே எண் வந்திருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சான்றைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கி, இரண்டு எண்ணுக்கும் ஈ.சி. போட்டுப் பார்க்க வேண்டும். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் "நில்" வருவதில் ஆச்சரியமில்லை. அந்த எண் பிறந்தே சில வருடம்தான் ஆகியிருக்கும்.

அளவையும் ஒத்துப் பாருங்கள். பத்திரத்தில் செண்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ். ஒரு செண்ட் 435.6 சதுர அடி; ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. பத்திரத்தில் 4 செண்ட் என்றால் 1,742 சதுர அடி. பட்டாவில் அது ஏறத்தாழ 1.62 ஏர்ஸ் இருக்க வேண்டும். 1.40 என்று இருந்தால் சுமார் 235 சதுர அடி எங்கோ போயிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போயிருக்கலாம், பாதைக்குப் போயிருக்கலாம். காசு கொடுக்கும் முன் சர்வேயரை வைத்து அளப்பதுதான் முறை.

நிலத்தின் வகை: பதிவானாலும் பயன்படாத இடங்கள்

சங்கிலி சரியாக இருந்தாலும் நிலத்தின் வகை தவறாக இருந்தால் எல்லாம் வீண். இதற்கு அ-பதிவேடு பார்க்க வேண்டும்.

நீர்நிலைப் புறம்போக்கு முதல் அபாயம். பாலாற்றங்கரை, ஓட்டேரி, கழிஞ்சூர் ஏரிப் பக்கம் மனை பார்ப்பவர்கள் ஏரி, ஓடை, வாய்க்கால் என்ற பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வருடம் வறண்டு கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் எப்படி ஓடியது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வரி கட்டியிருப்பதும் மின் இணைப்பு இருப்பதும் ஆக்கிரமிப்பைப் பட்டா நிலமாக மாற்றாது.

அடுத்து பஞ்சமி நிலம். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட நிலங்கள் இவை. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது. பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம். மீறி வாங்கினால் இழப்பீடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய பதிவேடுகளில் டி.சி. (Depressed Classes, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்ற குறிப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அரசு ஒப்படை செய்த நிலங்களிலும் விற்பனை நிபந்தனைகள் உண்டு. படைவீரர் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் ஒப்படை ஆணையைக் கேட்டு வாங்கிப் படிப்பது அவசியம்.

கோயில் நிலம், வக்ஃபு நிலம். 2025 ஏப்ரலில் அணைக்கட்டு வட்டம் காட்டுக்கொல்லையில் சுமார் 150 குடும்பங்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் இடம் ஒரு தர்காவுக்குச் சொந்தமானது என்று நோட்டீஸ் வந்தது; அவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த உரிமைக் கோரிக்கை சரியா தவறா என்பது ஆவணங்களைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம். வாங்குபவருக்கு இதில் உள்ள பாடம் வேறு: தலைமுறையாகக் குடியிருப்பது மட்டும் போதாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி அரசு, கோயில், வக்ஃபு நிலங்களின் பதிவைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். குறிப்பிட்ட சர்வே எண் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

கிராம நத்தம் இவற்றில் சேராது. அது குடியிருப்புக்கென்றே உள்ள இடம்; அரசுப் புறம்போக்கு அல்ல என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நத்தத்தில் பழைய பத்திரமே இல்லாமல் இருப்பது சாதாரணம். அங்கே நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீது, நீண்ட கால அனுபோகம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாரிசுகள்: ஒரு கையெழுத்து குறைந்தால்

உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், அவருடைய தனிச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். கவனிக்க: தாய். இறந்தவரின் அம்மாவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் பிறகு காலமானால் அந்தப் பங்கில் அவருடைய மற்றப் பிள்ளைகளும் வருவார்கள். ஆகவே வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றுகளின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலேயே பங்கு தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரிந்தவற்றை இது தொடாது. "தங்கைக்குச் சீர் செய்து அனுப்பியாச்சு, அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பங்கை விட்டுக்கொடுத்ததற்கான விடுதலைப் பத்திரம் கேளுங்கள், அல்லது அவரையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வையுங்கள்.

மைனரின் பெயரில் தனியாக இருக்கும் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் கார்டியன் விற்றால், மைனர் 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

பவர் பத்திரத்தை வைத்து விற்பவரிடம் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகியிருக்கிறதா, அதில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா. கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். பவரையே "கிரயம்" என்று சொல்லி விற்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சு

மனைப்பிரிவுக்குப் பஞ்சாயத்து மட்டும் அனுமதி தர முடியாது. நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அனுமதி வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. இந்த மனைகளின் பதிவையும் மறுக்கச் சொல்லும் 22-ஏ பிரிவு அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது.

இதில் ஒரு வலை இருக்கிறது. முன்பே வீட்டு மனையாகப் பதிவான மனையை, அங்கீகாரம் இல்லாவிட்டாலும் மறுபடி பதியலாம். "பாருங்கள், பதிவாகிறதே" என்பார் தரகர். பதிவாகும். வரன்முறை ஆகாமல் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கஷ்டம். கட்டிய வீடு என்றால் அனுமதி வரைபடத்தையும் எதிரில் நிற்கும் கட்டடத்தையும் ஒத்துப் பாருங்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி ஏற்றியிருப்பது அரிதல்ல.

அடுக்குமாடி வீடு என்றால் சுருக்கமாக: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ அமையும் திட்டம் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவரே சரிசெய்து தர வேண்டும்.

பணம் எந்த வரிசையில் போக வேண்டும்

1. முதலில் ஆவண நகல்கள், அதன்பின் வழக்கறிஞரின் லீகல் ஒப்பீனியன், பிறகுதான் பெரிய அட்வான்ஸ். வங்கியின் ஒப்பீனியன் போதும் என்று இருக்க வேண்டாம். அது வங்கியின் கடனைக் காக்க எழுதப்படுவது.

2. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இது கட்டாயம். பதிவானால் ஈ.சி.யில் ஏறும், அடுத்து வாங்க வருபவருக்கு உங்கள் ஒப்பந்தம் தெரிந்துவிடும். விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களிடம் மீதிப் பணம் தயாராக இருந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகம் அப்போது உதவும்.

3. பணம் வங்கி வழியாகவே போகட்டும். விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

4. கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது 2,70,000 ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விலையைக் குறைத்துக் காட்டினால், நாளை கிரயம் செல்லாது என்று பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், பத்திரத்தில் உள்ள தொகைக்கு மட்டுமே ஆதாரம் இருக்கும்.

5. பதிவு நாளன்று காலையில் மீண்டும் ஒரு ஈ.சி. போடுங்கள். மூலப்பத்திரங்களின் ஒரிஜினல், வீட்டுச் சாவி, மீதிப் பணம் மூன்றும் ஒரே நாளில் கைமாறட்டும்.

6. பதிவுக்குப் பின் ஓரிரு வாரத்தில் ஈ.சி.யில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா மாற்றம் எளிதாக நடக்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளக்கும் நாளில் விற்றவரும் பக்கத்து நிலத்துக்காரரும் இருந்தால் பின்னால் வரும் ஆட்சேபம் குறையும். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குப் பழைய பாக்கி இல்லை என்ற ரசீதுகளைப் பதிவுக்கு முன்பே விற்பவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்குப் போன பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.